கரியமில வாயுச் செறிவூட்டல் கருவிகள்

கரியமில வாயுச் செறிவூட்டல் கருவிகள் என்பவை, பசுமைக்குடில்களிலும் மின்விளக்கு ஒளியில் பயிர் வளர்க்கப்படும் மூடிய அறைகளிலும், காற்றிலுள்ள கரியமில வாயுவின் (கார்பன் டை ஆக்சைடு) அளவை உயர்த்தி ஒரே நிலையில் வைத்திருக்கப் பயன்படும் சாதனங்கள் ஆகும். வாயுவைத் தரும் உருளை அல்லது எரிப்பான், அழுத்தச் சீராக்கி, அடைப்பிதழ், உணரி, கட்டுப்படுத்தி ஆகியன இவற்றின் முக்கிய உறுப்புகள். இவற்றைத் தேர்ந்தெடுப்போர் வாயுவின் விலையையே முதலில் ஒப்பிடுவது வழக்கம். எனினும் அமைப்பு நம்பகமானதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது உணரியே ஆகும்.

தேவை

வெளிக்காற்றில் கரியமில வாயு இன்று மில்லியனில் 420 பங்குக்கும் (420 பிபிஎம்) சற்று அதிகமாக உள்ளது. காற்றோட்டம் இல்லாத அறையில் ஒளிச்சேர்க்கை நடைபெறும்போது இது 200 பிபிஎம் அளவுக்குக் குறைந்து, வளர்ச்சி தடைப்படலாம். தக்காளி, வெள்ளரி, கீரை வகைகள் போன்ற சி3 தாவரங்களுக்குப் பொதுவாக 800 முதல் 1000 பிபிஎம் வரை அளிக்கப்படுகிறது. சோளம், கரும்பு போன்ற சி4 தாவரங்கள் இதனால் அதிகப் பயன் பெறுவதில்லை. இருளில் ஒளிச்சேர்க்கை நிகழாது என்பதால் இரவில் வாயுவைச் செலுத்துவது வீண். எனவே அடைப்பிதழ் விளக்குகளுடன் இணைந்து இயங்க வேண்டும். வெளியேற்று விசிறி ஓடும்போது மூடியிருக்க வேண்டும்.

வாயுவைப் பெறும் வழிகள்

சிறிய அறைகளுக்கு உருளையே ஏற்றது. இதில் வாயு அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டுள்ளது. 20 பாகை செல்சியசில் உருளையின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 57 மடங்கு ஆகும். நீர்மம் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் இவ்வழுத்தம் மாறுவதில்லை. ஆகவே அழுத்தமானியைப் பார்த்து மீதியை அறிய இயலாது. உருளையை எடைபோட்டே அறிய வேண்டும். அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கும்போது உருளை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது எனலாம். அந்த இறுதிக் கட்டத்தில் ஒற்றைப் படிச் சீராக்கிகளில் வெளிவரும் அழுத்தம் உயர்ந்து, தேவைக்கு மேல் வாயு வெளியேறலாம். இரட்டைப் படிச் சீராக்கிகளில் இக்குறை மிகவும் குறைவு. வேகமாக விரிவடையும் வாயு குளிர்வதால் சீராக்கி உறைந்து அடைபடுவதும் உண்டு. மிகுந்த ஓட்டம் தேவைப்படும் இடங்களில் சூடேற்றியுடன் கூடிய சீராக்கி பொருத்தப்படுகிறது. மின்சாரம் தடைப்பட்டால் தானே மூடிக்கொள்ளும் வகை மின்காந்த அடைப்பிதழே தேர்ந்தெடுக்கத் தக்கது.

எரிப்பான்கள் புரோப்பேன் அல்லது இயற்கை எரிவாயுவை எரித்து வாயுவை உண்டாக்குகின்றன. 1 கிலோகிராம் புரோப்பேன் முழுமையாக எரிந்தால் 3 கிலோகிராம் கரியமில வாயு கிடைக்கும். கூடவே ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவியும் 50 மெகாஜூல் வெப்பமும் வெளிப்படும். குளிர்நாட்டுப் பசுமைக்குடிலுக்கு இவ்வெப்பம் வரவு. விளக்குகளால் ஏற்கெனவே சூடேறிய மூடிய அறைக்கு அது செலவு. எரிதல் முழுமையடையாவிடில் கார்பன் மோனாக்சைடும் எத்திலீனும் தோன்றும். முன்னது மனிதருக்கு நஞ்சு. பின்னது 1 பிபிஎம்முக்கும் மிகக் குறைந்த அளவிலேயே பூக்களை உதிர்த்துவிடும்.

பெரிய அளவில் வாயு குழாய் வழியாகவும் வழங்கப்படுகிறது. நெதர்லாந்தில் ரொட்டர்டாம் அருகிலுள்ள பெர்னிசு எண்ணெய்த் தூய்விப்பு ஆலையில் வெளியாகும் கரியமில வாயுவை, பயன்பாடற்றுக் கிடந்த எண்ணெய்க் குழாயின் வழியே பசுமைக்குடில்களுக்கு அனுப்பும் திட்டம் 2005இல் தொடங்கியது.

நொதித்தல் வாளிகளும் காளான் பைகளும் மலிவானவை. ஆனால் அவற்றின் வெளியீட்டைக் கட்டுப்படுத்த இயலாது.

உணரி

கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இயல்புடையது. சிதறலற்ற அகச்சிவப்பு உணரிகள் இப்பண்பைக் கொண்டு வாயுவை நேரடியாக அளக்கின்றன. விலை குறைந்த சில கருவிகளில் உலோக ஆக்சைடு உணரிகள் உள்ளன. அவை வேறு ஆவிகளை அளந்து, அதிலிருந்து கரியமில வாயுவின் அளவை ஊகித்துக் காட்டுபவை, செறிவூட்டலுக்கு உதவா.

அகச்சிவப்பு உணரிகள் பலவற்றில் தானியங்கு அடிப்படைத் திருத்தம் என்னும் வசதி உண்டு. கடந்த சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவாக, அதாவது 400 பிபிஎம்மாக, உணரி கருதிக்கொள்கிறது. இரவில் ஆளின்றிக் கிடக்கும் அலுவலகத்திற்கு இது பொருந்தும். வளர்ப்பறையிலோ பகலில் செறிவூட்டலாலும் இரவில் தாவரங்களின் சுவாசத்தாலும் அளவு அவ்வளவு தூரம் இறங்குவதே இல்லை. எனவே உணரி 900 பிபிஎம்மை 400 என்று தவறாகக் கருதி, தன் அளவீட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளும். கட்டுப்படுத்தி அதை நம்பி மேலும் வாயுவைத் திறக்கும். திரையில் எண் சரியாகவே தெரிவதால் இப்பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. இத்திருத்தத்தை நிறுத்தும் வசதி கொண்ட உணரியோ, ஒப்பீட்டுக்கென இரண்டாம் அலைநீளத்தையும் அளக்கும் உணரியோ வளர்ப்பறைக்கு ஏற்றது. எதுவாயினும் அவ்வப்போது வெளிக்காற்றில் வைத்துச் சரிபார்த்தல் வேண்டும்.

உணரியைப் பயிரின் உச்சிமட்டத்தில் வைப்பது முறை. மனிதர் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் கரியமில வாயு இருப்பதால், ஆள் நின்று வேலை செய்யும் இடத்தை ஒட்டி அதைப் பொருத்தலாகாது.

பாதுகாப்பு

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 30 கன மீட்டர். அதில் 400இலிருந்து 1000 பிபிஎம்முக்கு உயர்த்த 33 கிராம் வாயுவே போதும். பக்கத்தில் நிற்கும் உருளையில் இருப்பதோ 20 கிலோகிராமாக இருக்கக்கூடும். அது முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 11 கன மீட்டர் வாயுவாகும். அதாவது அறையின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். காற்றில் 10 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு இருப்பின் சில நிமிடங்களில் நினைவு தப்பும். நிறமும் மணமும் அற்ற வாயு என்பதால் உள்ளே இருப்பவர் அபாயத்தை உணரத் தாமதமாகும்.

அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்கான வரம்பு 5000 பிபிஎம். 40,000 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கொள்ளப்படுகிறது. எச்சரிக்கை மணிக்கான உணரி, கட்டுப்படுத்தும் உணரியிலிருந்து தனியே இருத்தல் அவசியம்; ஒன்றே இரண்டுக்கும் பயன்பட்டால் அதன் பிழை எச்சரிக்கையையும் முடக்கிவிடும். கரியமில வாயு காற்றைப் போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது. கசியும் குளிர்ந்த வாயு தரையை ஒட்டித் தேங்கும் என்பதால் இவ்வுணரி தாழ்வான உயரத்தில் பொருத்தப்படுகிறது. அதன் அளவுகாட்டி கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மயங்கிக் கிடப்பவரைக் கண்டு அப்படியே நுழைபவரும் மயங்கி விழ நேரும்.