சாம்பல் நீரில் வெந்த மக்காச்சோளம்

நமக்குச் சாம்பல் என்றால் பாத்திரம் துலக்கும் பொருள். வட அமெரிக்கப் பழங்குடியினர் சிலருக்கோ அது உயிர் காத்த பொருள். வேதியியல் பயிலும் மாணவி என்ற முறையில் அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

இன்றைய நியூயார்க் மாநிலத்திலும் அதையடுத்த கனடாப் பகுதிகளிலும் வாழ்பவர்கள் ஹோடனோஷோனி மக்கள். இரோகுவா என்றும் இவர்களை அழைப்பர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் பயிரிட்டு, ‘மூன்று சகோதரிகள்’ என்று போற்றுவர். விதைப்பு முதல் சமையல் வரை பெண்களின் பொறுப்பாகவே இருந்தது.

அறுவடையானதும் கதிரின் மேலுறையைக் கிழித்தெறியாமல் பின்னோக்கி உரித்து, அவ்வுறைகளையே சடைபோல் பின்னிச் சரமாக்குவர். அச்சரங்களை வீட்டின் உட்புறம் உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்துவர். உதிர்த்த மணிகளை மரப்பட்டைப் பீப்பாய்களிலும், மரப்பட்டை பரப்பிய நிலக்குழிகளிலும் சேமித்தனர்.

உலர்ந்த மணியை அவர்கள் சமைக்கும் முறையே தனிச் சிறப்புடையது. விறகுச் சாம்பலைச் சலித்துக் கொதிநீரில் கலந்து, அதில் மணிகளை வேகவைப்பர். சாம்பலின் காரத்தால் மேல்தோல் தளரும். பிறகு கூடையிலிட்டு நீரில் தேய்த்துக் கழுவினால் தோலும் சாம்பலும் நீங்கிவிடும். கழுவிய மணியைச் சூப்பாகக் காய்ச்சுவர். அல்லது மர உரலில் இடித்து, பீன்ஸ் கலந்து, ரொட்டியாகத் தட்டிக் கொதிநீரில் வேகவைப்பர்.

இதில் அடங்கிய அறிவியல் யாது? மக்காச்சோளத்தில் நியாசின் என்னும் வைட்டமின் உண்டு. அது பிற பொருள்களோடு பிணைந்திருப்பதால் உடல் எளிதில் ஏற்பதில்லை. காரநீரில் வேகும்போது அப்பிணைப்பு அறுகிறது. மெக்சிகோ மக்கள் இதே பயனைச் சுண்ணாம்பு நீரால் பெற்றனர்.

ஐரோப்பியர் அமெரிக்காவிலிருந்து விதையை எடுத்துச் சென்றனர். சமைக்கும் முறையை விட்டுச் சென்றனர். விளைவாக, மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா நோய் பற்றியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு கலங்கி மாளும் நோய் அது. 1735-இல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் இதனை விவரித்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பல்லாயிரவர் மாண்டனர். 1914 முதல் ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், உணவுக் குறையே காரணம் என நிறுவினார். நாய்களுக்கு வரும் இதையொத்த நோயை நியாசின் தீர்ப்பதை 1937-இல் எல்வேஜெம் கண்டறிந்தார்.

அப்பழங்குடிப் பெண்கள் நியாசின் என்ற பெயரை அறியார். ஆயினும் அவர்தம் கைப்பழக்கத்தில் மருந்து இருந்தது. விதையை வாங்கியோர் சமையலையும் கேட்டறிந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். ஒரு பழைய வழக்கத்தின் காரணம் விளங்கவில்லையெனில், அதைத் தள்ளுமுன் ஆராய்ந்து பார்ப்பதே அறிவியல் பயில்வோர் கடமை என்பது என் கருத்து.