தண்ணீரைப் பிடித்து வைக்கும் கூழ்: வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

நோன்பு காலத்தில் சர்பத்துக்குள் போடும் கசகசா விதையை நாம் எல்லோரும் அறிவோம். ஊறியதும் ஒவ்வொரு விதையையும் சுற்றி வழுவழுப்பான கூழ் உண்டாகிறது. விதைத் தோலிலுள்ள நுண்ணிய நூல்கள் நீரை உள்வாங்கி விரிவதே இதற்குக் காரணம். இவ்வாறு நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பொருளை 'ஹைட்ரோஜெல்', அதாவது நீர்க்கூழ் என்பர்.

பயிருக்கு உதவுமா?

புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், தாவரங்களின் நார்ப்பொருளான செல்லுலோசைக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்' என்னும் நீர்க்கூழை உருவாக்கியது. தூய நீரில் இது தன் நிறையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை உறிஞ்சும். ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும் என்பது சிபாரிசு. மண் காயும்போது அந்நீர் வேருக்குக் கிடைக்கும். ஊற்றிய நீர் உடனே கீழிறங்கிவிடும் மணல் நிலத்துக்கு இது ஏற்றதுதான். ஆனால் கூழ் தண்ணீரை உண்டாக்காது. கிடைத்ததைச் சேர்த்து வைக்கும், அவ்வளவே.

கூழ் தரும் தகவல்

நீர்க்கூழுக்கு இன்னொரு குணமும் உண்டு. சூழல் மாறினால் அதுவும் மாறும். உப்புச் சேர்த்த கூழினூடாக மின்சாரம் செல்லும். அதை இழுத்தால் நீண்டு மெலியும். மின்சாரம் செல்வது கடினமாகும். இந்த வேறுபாட்டை அளந்தே, மணிக்கட்டில் ஒட்டி நாடித்துடிப்பை அறியும் வளையக்கூடிய உணர்கருவிகளை ஆய்வுகூடங்களில் செய்கிறார்கள். செல்லுலோசு போன்ற தாவரப் பொருட்களும் இதற்குப் பயன்படுகின்றன. கூழ் உலர்ந்துபோவது ஒரு குறை. அதைத் தடுக்கக் கிளிசரீன் சேர்ப்பதுண்டு.

உப்பு நீரில் என்ன நடக்கும்?

இதே குணம் விவசாயிக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். கூழின் நூல்கள் ஒன்றையொன்று தள்ளுவதாலேயே அது விரிகிறது. நீரிலுள்ள உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துவிடும். அப்போது கூழ் மிகக் குறைந்த நீரையே பிடிக்கும். 2004 டிசம்பர் 26 கடற்கோளில் நமது கரையோரக் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் உவர்க்கும் கிணறு உங்களுடையதானால், விற்பவர் சொல்லும் கணக்கு உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது.

வீட்டிலே செய்யும் சோதனை

விற்பவரிடம் சிறிதளவு மாதிரி கேளுங்கள். இரண்டு பாத்திரங்களில் கால் தேக்கரண்டி வீதம் போடுங்கள். ஒன்றில் ஒரு லீற்றர் மழைநீரும், மற்றதில் ஒரு லீற்றர் உங்கள் கிணற்று நீரும் ஊற்றுங்கள். மறுநாள் துணியில் வடித்து இரு கூழையும் கோப்பையால் அளந்து பாருங்கள். கிணற்று நீர்க்கூழ் மிகக் குறைவாக இருந்தால் பணத்தைச் செலவிட வேண்டாம். கூட்டெருவும் வைக்கோல் மூடாக்கும் மண்ணில் ஈரத்தைக் காக்கும்.

மண்ணில் கலந்த கூழைத் திரும்ப எடுக்க முடியாது. தற்காலிகமாகக் கிடைத்த காணியில் பயிர் செய்வோர், எத்தனை போகம் அங்கிருப்போம் என்பதையும் எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.