பிசையப் பிசைய வலுக்கும் விரல்கள்

மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்த கை, கட்டைப் பிரித்ததும் பார்க்கவே பாவமாக இருக்கும். எலும்பு கூடியிருக்கும்; ஆனால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாது, ஈரத்துணியைப் பிழிய முடியாது, சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படாது. இந்தக் கட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்ன டப்பாவை நீட்டுவதுண்டு. உள்ளே மஞ்சளிலோ பச்சையிலோ ஓர் உருண்டை. ‘பிள்ளைகள் விளையாடுகிற களிமண் போல இருக்கிறதே’ என்று பலரும் அதை அலட்சியமாகத்தான் வாங்கிக்கொள்வார்கள். அதுதான் தெரபி பட்டி.

அந்த அலட்சியத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இதன் உறவுக்காரப் பொருள் உண்மையிலேயே ஒரு விளையாட்டுச் சாமான். இரண்டாம் உலகப் போரில் ஆசிய ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் வசமாகிவிட, அமெரிக்கர்கள் செயற்கை ரப்பரைத் தேடி அலைந்தார்கள். 1943-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ரைட் சிலிகோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தார். (டவ் கார்னிங் நிறுவனத்தின் ஏர்ல் வாரிக் தானும் அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார், அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.) கிடைத்த பொருள் டயருக்கு ஆகவில்லை. தரையில் எறிந்தால் எகிறியது, மேசையில் வைத்தால் வழிந்து தட்டையானது. 1950-ல் பீட்டர் ஹாட்ஜ்சன் அதை பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து ‘சில்லி பட்டி’ என்று விற்றார்; பிள்ளைகள் அள்ளிக்கொண்டார்கள்.

எகிறுவதும் வழிவதும் ஒரே பொருளுக்கு எப்படிச் சாத்தியம்? அதற்குள் நீளநீளமான சிலிகோன் சங்கிலிகள் இருக்கின்றன. போரான் அணுக்கள் அவற்றை அங்கங்கே பிணைத்து வைக்கின்றன. ஆனால் அந்தப் பிணைப்பு நிரந்தரமானதல்ல. ஓயாமல் அறுவதும் வேறிடத்தில் சேர்வதுமாக இருக்கும். மெதுவாக அழுத்தினால் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, பட்டி குழைகிறது. வெடுக்கென்று இழுத்தால் அந்த அவகாசம் இல்லை. விறைத்துக்கொண்டு பட்டென்று அறுந்துவிடும்.

கைக்கு மருந்தாவது இந்தக் குணம்தான். கையிலிருப்பது ஒரே உருண்டை என்றாலும், எதிர்ப்பு எவ்வளவு என்பதை நம் விரலின் வேகம் முடிவு செய்கிறது. டிவி பார்த்துக்கொண்டே படபடவென்று பிசைகிறவர், தெரபிஸ்ட் கொடுத்ததைவிடக் கடினமான ஒரு பட்டியோடு மல்லுக்கட்டுகிறார் என்றே அர்த்தம்.

ஸ்பாஞ்சுப் பந்து போதாதா என்று கேட்கலாம். பந்து, விரல் மடங்கும்போது மட்டும்தான் எதிர்க்கும். பிடியைத் தளர்த்தினால் அதுவே உப்பி விரலைத் திறந்தும் விடும். பட்டி அப்படி உதவிக்கு வராது. அதை அமுக்கலாம், கிள்ளலாம், உருட்டலாம், விரித்துப் பிரிக்கலாம். எந்தத் திசையில் போனாலும் விரல்தான் உழைக்க வேண்டும். சப்பாத்தி மாவும் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்யும், பல வீடுகளில் அதைத்தான் பிசையச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் மாவு இன்றைக்கு இளகும், நாளைக்கு இறுகும். பட்டியில் தண்ணீர் இல்லாததால் காய்வதில்லை.

விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. முழங்கைக்குச் சற்றுக் கீழே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள், உள்ளே நெளிவது தெரியும். பெரிய பிடிமானம் அங்கிருந்து தசைநாண்கள் வழியாக வருகிறது. நுணுக்கமான வேலைகளுக்கு உள்ளங்கையின் சிறு தசைகள் வேண்டும். தொழுநோயில் நரம்பு கெட்டு அந்தச் சிறு தசைகள் செயலிழந்தால் விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும். 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்தக் கைகளுக்குத்தான் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். அறுவையோடு வேலை முடியாது. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டியிருந்தது.

இனி பயிற்சிக்கு வரலாம். பட்டியை முழுக் கையால் மெதுவாக இறுக்கிவிட்டு உடனே பிரித்துப் பாருங்கள். நான்கு விரல்களின் பள்ளமும், விரல் இடுக்கில் பிதுங்கிய மேடும், ரேகைகூடப் பதிந்திருக்கும். மோதிர விரல், சுண்டு விரல் பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தால் எங்கே பலவீனம் என்று தெரிந்துவிடும். இறுகப் பிடிப்பதில் அந்த இரண்டின் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளங்கள் தாமாகவே தூர்ந்துவிடும். அடுத்து, பட்டியைக் கயிறாக உருட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கிள்ளிக்கொண்டே போகலாம். அந்தக் கயிற்றையே இரு விரல்களுக்கு இடையில் வைத்து நெருக்கலாம். உள்ளே பாசிமணிகளைப் புதைத்து விரலால் தோண்டி எடுக்கச் சொல்வதும் உண்டு.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது விரிக்கும் பயிற்சியை. ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, பட்டியை வளையமாக மாட்டி, மெல்ல விரல்களை மலர்த்த வேண்டும். நாள் முழுக்க போனையும் பையையும் பிடித்தே பழகிய கைக்கு இது அமுக்குவதைவிடச் சிரமம். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியதே இதுதான்.

மஞ்சள் மிக மென்மை, சிவப்பு மென்மை, பச்சை நடுத்தரம், நீலம் கடினம் என்பது பரவலான வரிசை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் லேபிளைப் படித்தே வாங்குங்கள். முன்னேற்றத்தை அளக்க, பிடிவலுவைக் கிலோவில் காட்டும் டைனமோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. ஆசியர்களுக்கான 2019 வழிகாட்டுதலின்படி, வயதானவர்களில் ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பிடிவலு குறைவு.

பலன் உண்டா என்றால், முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2015-ல் வெளியான ‘சாரா’ ஆய்வைச் சொல்லலாம். கைக்கென வகுத்த நீட்சி, வலுவூட்டல் பயிற்சிகளைச் செய்தவர்களின் கைகள், ஓராண்டுக்குப் பிறகு மற்றவர்களைவிட நன்றாக இயங்கின.

ஆனாலும் எல்லாக் கைக்கும் எல்லா நேரத்திலும் இது ஆகாது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போதும், தைத்த தசைநாண் ஆறாதபோதும் தொடக்கூடாது. மருத்துவர் சொன்ன பிறகே ஆரம்பிக்க வேண்டும். மடக்கிய விரல் சொடுக்கிக்கொண்டு திறக்கிற கோளாறு இருப்பவர்களுக்கு இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி தொல்லையைக் கூட்டலாம். பயிற்சிக்குப் பின் லேசான அசதி சரி. மறுநாளும் வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது ஒரு நிறம் கீழே இறங்குங்கள்.

வேலை முடிந்ததும் பட்டியை டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். சோபாவில் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலைக்குள் துணியின் இழைக்குள் இறங்கிவிடும். அப்படி ஆனால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒற்றினால் இளகி வந்துவிடும். துணியின் சாயம் போகிறதா என்று மட்டும் ஓரமாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.