காற்றா? வெயிலா? கரும்புச் சக்கையா? மார்க் போட்டு மின்சாரம் தேர்ந்தெடுக்கும் கணக்கு!

ஒரு வட்டாரத்துக்குப் புதிதாக மின்சாரம் வேண்டும். எதிலிருந்து எடுப்பது?

"எது மலிவோ அதை எடுக்க வேண்டியதுதானே! இதுக்கு எதுக்குய்யா கணக்கு?" என்று கேட்கத் தோன்றும்.

விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை!

தமிழ்நாட்டையே எடுத்துக் கொள்வோம்.

முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை விறுவிறுவென்று சுற்றும். மற்ற மாதங்களில் மந்தம்தான்.

கமுதியில் 2016-ல் திறந்த சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஆனால் பொழுது சாய்ந்தால் உற்பத்தியும் படுத்து விடும். கடைகளில் விளக்குப் போடுவதோ அதற்குப் பிறகுதான்!

சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்தால் ராத்திரியிலும் மின்சாரம் வரும். ஆனால் அரவை நடக்கும் மாதங்களில்தான் சக்கை கிடைக்கும்.

பரீட்சை மாதிரி!

இதற்கு நிபுணர்கள் ஒரு வழி வைத்து இருக்கிறார்கள். செலவு, நிலம், வேலை வாய்ப்பு, கிடைக்கும் நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது. எதற்கு எத்தனை பங்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் சாட்டி 1970-களில் இதற்கு ஒரு முறை வகுத்தார். "செலவு முக்கியமா, நிலம் முக்கியமா?" என்று இரண்டு இரண்டாகக் கேட்பார்கள். 1 என்றால் இரண்டும் சமம். 9 என்றால் ஒன்று மற்றதைவிட மிக மிக முக்கியம். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் கணக்கே காட்டிக் கொடுத்து விடும்!

மூன்று பேரும் முதலிடம்

உதாரணத்துக்கு நாமே 10-க்கு மார்க் போட்டுப் பார்ப்போம்.

செலவில் வெயிலுக்கு 9, காற்றுக்கு 7, சக்கைக்கு 4. மாலை நேரத்தில் கிடைப்பதில் வெயிலுக்கு 1, காற்றுக்கு 6, சக்கைக்கு 9.

செலவுக்கு 80 பங்கு, மாலை நேரத்துக்கு 20 பங்கு என்று வைத்தால், வெயில் 7.4 வாங்கி முதலிடம்!

60, 40 என்று மாற்றினால், காற்று 6.6 வாங்கி முந்துகிறது.

20, 80 என்று திருப்பினால், சக்கை 8 வாங்கி ஜெயிக்கிறது!

போட்ட மார்க் ஒன்றுதான். பங்கை மாற்றியதும் ஆளுக்கொரு தடவை முதலிடம்!

யார் பங்கு போடுவது?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கணக்கு தானாக முடிவு செய்வது இல்லை. பங்கு பிரிக்கிறவர் மனதில் இருப்பதைத்தான் அது எண்ணாக்கிச் சொல்கிறது.

நிலம் கொடுக்கும் விவசாயி ஒரு மாதிரி பங்கு போடுவார். மின் கட்டணம் கட்டும் கடைக்காரர் வேறு மாதிரி போடுவார். இருவரையும் கேட்காமல் போட்ட கணக்கு, கூட்டல் சரியாக இருந்தாலும் பாதிக் கணக்குதான்.

ஆகவே, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று யாராவது சொன்னால் அசந்து விடாதீர்கள்.

"எதுக்கு எத்தனை பங்கு போட்டீங்க? யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று கேளுங்கள்!