வீடு தேடி வரும் பல்கலைக்கழகம்

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர் பல்கலைக்கழகத்தில் பயில இயலுமா? வேலையை விட்டால் குடும்பம் தாங்காது. விடாவிட்டால் வகுப்பிற்குச் செல்ல வழியில்லை. நெடுங்காலம் இவ்வினாவிற்கு 'இயலாது' என்பதே விடையாக இருந்தது.

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1971ஆம் ஆண்டிலேயே பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை பார்ப்போருக்கெனத் தொலைக்கல்வியைத் தொடங்கியது. அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் வந்தன. எனினும், ஆண்டுக்கு ஒருமுறை சில வாரம் பினாங்கு சென்று தங்க வேண்டும். தொடக்க காலத்தில் இறுதி ஆண்டை முழுநேர மாணவராக வளாகத்திலேயே கழிக்கவும் வேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இது ஓரளவு இயன்றது. நாட்கூலி பெறுவோர் என் செய்வர்?

இந்த இடைவெளியைக் குறைக்க வந்ததே இணையம். 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பின்னர் பினாங்கில் தோன்றிய வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவ்வழியில் பாடம் நடத்துகின்றன.

அது நடைபெறும் முறையைக் காண்போம். விரிவுரையாளர் தம் பாடத்தைப் பதிவு செய்து பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் வைக்கிறார். மாணவர் தமக்குரிய கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே சென்று, பிற்பகல் மூன்று மணிக்கோ, பிள்ளைகள் உறங்கிய பின்னரோ, அதனைக் கேட்கலாம். விளங்காத இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை கேட்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ விரைந்து பேசும் விரிவுரையைப் பின்பற்றத் தடுமாறும் நம்மவர்க்கு இவ்வசதி ஒன்றே பெரும் துணையாகும். ஐயங்களை எழுதி அனுப்பினால் பயிற்றுநர் விடையளிப்பார். வகுப்பில் எழுந்து நின்று வினவக் கூசுவோர் நம்மிடையே எத்தனை பேர்! எழுதிக் கேட்பதில் அக்கூச்சம் பெரிதும் இல்லை. இவையன்றிக் குறித்த நேரத்தில் நடைபெறும் நேரலை வகுப்புகளும் உண்டு.

ஆயினும், ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பாடம் கேட்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இடுபணியை ஒப்படைக்கும் நாளை அவ்வாறு மாற்ற இயலாது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்தே பாதியில் படிப்பை விட்டவர் பலர். மழையால் பால்வெட்டு நின்ற காலைப்பொழுதைப் படிப்பிற்கு ஒதுக்குவது நல்ல வழக்கம். வீட்டாரின் ஒத்துழைப்பும் தேவை. படிப்பவர் மகளோ மருமகளோ எனின், அந்த ஒரு மணி நேரம் அடுப்படி வேலையை மற்றவர் ஏற்பதில் என்ன குறை?

இணைய வசதி எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சீராக இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது இக்குறை வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் சபா மாநில மாணவி ஒருவர், இணையத் தொடர்பு கிட்ட மரத்தின்மீது ஏறி அமர்ந்து தேர்வெழுதியதை நாடே அறியும். ஆகவே, பதிவதற்கு முன் லயத்தில் தொடர்பு எவ்வாறுள்ளது என்று சோதித்துக்கொள்க. தொடர்பு நன்றாகக் கிட்டும் இடத்தில் பாடங்களைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டால், பின்னர் இணையமின்றியே படிக்கலாம்.

எஸ்.டி.பி.எம். தேறாதவர்க்கும் வாயில் அடைபடவில்லை. 21 வயதை எட்டி, பயில விரும்பும் துறையோடு தொடர்புடைய வேலை அனுபவம் உடையோர், அதற்கான சான்றுகளைத் தொகுத்தளித்துத் தகுதித் தேர்வில் வென்றால், இளங்கலைப் படிப்பிற்கு விண்ணப்பிக்கலாம். 'ஏப்பல்' என்பது இம்முறையின் பெயர். கட்டணத்திற்கு ஊழியர் சேமநிதியிலிருந்து, விதிகளுக்கு உட்பட்டு, தமக்கோ பிள்ளைகளுக்கோ பணம் எடுக்கவும் இடமுண்டு.

'வீட்டிலிருந்தே பட்டம்' என்று கூறிப் பணம் பறிப்போரும் உளர். எனவே முன்பணம் கட்டுமுன், அப்படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமாகிய எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிட்டுப் பார்க்க.