அகப்பையால் எண்ணெய் அள்ளும் இஞ்சின்

ஷெவர்லே நிறுவனம் 1947-ஆம் ஆண்டுக் கோடையில் அறிமுகப்படுத்தி 1955-இன் தொடக்கம் வரை தயாரித்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசைப் பிக்அப் டிரக்குகள், அமெரிக்கப் பண்ணைகளில் தீவனமும் கருவிகளும் சுமந்து தேய்ந்தபின், இன்று பழைய வாகனங்களைப் பேணுவோரின் தனி விருப்பத்துக்கு உரியவையாகியுள்ளன. உருண்ட முகப்பும், 1953 வரையிலான வண்டிகளில் காணப்படும் ஐந்து கிடைக்கம்பிகளும், பின்தளத்தின் மரப்பலகைகளும் பார்ப்பவர் கண்ணை முதலில் ஈர்ப்பவை. எனினும் அரை டன் சுமைக்கான 3100 மாதிரியை வாங்குபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அதன் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின் தன் உறுப்புகளுக்கு எண்ணெய் ஊட்டும் விந்தையான முறையையே.

பிஸ்டனின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டையும் பிஸ்டனையும் பிணைப்பது கனெக்டிங் ராட் எனப்படும் இணைப்புத் தண்டு. இன்றைய இஞ்சின்களில் கிராங்க் தண்டுக்குள் துளையிட்ட வழிகளினூடே பம்ப் எண்ணெயை அழுத்தத்துடன் இத்தண்டின் பேரிங் வரை செலுத்துகிறது. 216-இலோ கிராங்க் தண்டைத் தாங்கும் முதன்மைப் பேரிங்குகளுக்குத்தான் அழுத்தத்தில் எண்ணெய் கிடைக்கிறது. இணைப்புத் தண்டுகள் ஒவ்வொன்றின் அடியிலும் அகப்பை போன்றதொரு சிறு உறுப்பு பொருத்தப்பட்டிருக்க, அது கீழே வரும்போதெல்லாம் எண்ணெய் நிரம்பிய சிறு தொட்டியில் தோய்ந்து தனக்கு வேண்டியதை அள்ளிக்கொள்கிறது. வேகம் கூடும்போது இவ்வாறு தோய்வது மட்டும் போதாது என்பதால், குழாய் முனைகளிலிருந்து பீய்ச்சப்படும் எண்ணெய்த் தாரைகள் அந்த அகப்பைகளின் வாயில் நேராக விழும்படி வடிவமைத்திருந்தார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது இங்கே பழமொழி அன்று, பராமரிப்பு விதி. எண்ணெய் அளவு குறையவிட்ட உரிமையாளருக்கு இந்த இஞ்சின் இரண்டாம் வாய்ப்பைத் தருவது அரிது.

இணைப்புத் தண்டின் பேரிங்கும் இன்றைய கழற்றி மாற்றும் வகையைச் சேர்ந்ததன்று. வெள்ளீயத்தையும் அதனுடன் ஆன்டிமனி, செம்பு முதலியவற்றையும் கலந்து செய்யும் பாபிட் என்னும் மென்மையான உலோகக் கலவையை உருக்கித் தண்டிலேயே வார்த்துக் கடைந்திருப்பார்கள். தண்டுக்கும் அதன் மூடிக்கும் இடையில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். பாபிட் தேயத் தேயத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி இடைவெளியைச் சீர்செய்யலாம். அடியிலுள்ள எண்ணெய்க் கலத்தை இறக்கிவிட்டால் இஞ்சினை வண்டியிலிருந்து வெளியே எடுக்காமலேயே முடித்துவிடக்கூடிய இந்த வேலை, அக்காலப் பண்ணைக்காரர் பலருக்குக் கைவந்த ஒன்றாக இருந்தது. இடைவெளி கூடியதை அறிவிப்பது இஞ்சினின் அடிவயிற்றிலிருந்து எழும் ‘டொக் டொக்’ என்ற ஓசை. ஓசை கேட்டதும் நிறுத்தியவர் தகடு உருவியதோடு தப்பினார். கேட்டும் ஓட்டியவர் கிராங்க் தண்டையே இழந்தார்.

இவ்வண்டிகளின் கேட்டுக்குப் பெரும்பாலும் காரணம் வயது அன்று, அவசரம். அமெரிக்காவின் மாநிலங்களிடை நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு வழிவகுத்த சட்டம் 1956-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மண்சாலைகளுக்கும் மேட்டு நிலங்களுக்கும் ஏற்றவாறு, சக்கரம் ஒருமுறை சுற்ற இயக்கத்தண்டு நான்கு முறைக்குச் சற்று மேலாகச் சுழலும்படி இவற்றின் பின்னச்சுப் பற்சக்கரங்கள் அமைந்தன. அதனால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தாண்டிவிடும். அந்த வேகத்தை மணிக்கணக்கில் நீடிப்பது அதன் பாபிட் பேரிங்குகளுக்கு உகந்ததன்று. எண்ணெய் அழுத்தமானியின் எல்லையே 30 பவுண்டு என்றிருக்க, முள் தாழ்ந்து நிற்பதைக் கண்டு அஞ்சி, ஷெவர்லே பரிந்துரைத்த 20-ஆம் தரத்துக்குப் பதிலாகக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவது மற்றொரு தவறு. அழுத்தத்தை நம்பாமல் அள்ளுவதை நம்பியிருக்கும் அமைப்புக்கு இளகி ஓடும் எண்ணெயே தேவை.

ஆறு வோல்ட் மின்னமைப்பைக் குறை கூறுவோரும் பலர். அதே திறனுக்கு ஆறு வோல்டில் இருமடங்கு மின்னோட்டம் பாயவேண்டியிருப்பதால், பன்னிரண்டு வோல்டுக்கான மெல்லிய பேட்டரிக் கம்பிகளை இட்டால் ஸ்டார்ட்டர் திணறத்தான் செய்யும். தடித்த கம்பியும் சுரண்டிச் சுத்தமாக்கிய இணைப்புகளும் பெரும்பாலான புகார்களைத் தீர்த்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் பார்க்கப் பொறுமையின்றி, இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பிற்கால வி-8 ஒன்றை அமர்த்தும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வாறு மாற்றிய வண்டி விரைவாக ஓடும் என்பது மெய். ஆனால் உள்ளிருக்கும் பொறியியலை அகற்றித் தகர உடலை மட்டும் காப்பதைப் பேணுதல் என்று அழைப்பது மிகையாகும். பாபிட் வார்க்கத் தெரிந்தவரைத் தேடி அலைய முடியாதவர்க்கு அதே மரபில் ஒரு நடுவழி உண்டு. 1954-இல் ஷெவர்லே டிரக்குகளுக்கு வந்த 235 கன அங்குல இஞ்சின் முழு அழுத்த எண்ணெயூட்டலையும் கழற்றி மாற்றத்தக்க பேரிங்குகளையும் கொண்டது. சில சிறு மாற்றங்களுடன் முந்தைய வண்டிகளிலும் அது அமர்ந்துவிடுகிறது. 216-ஐயே வைத்துக்கொள்ள விரும்புவோர், எண்ணெய்க் கலத்தைத் திறக்கும்போதெல்லாம் அடிக்கசடை வழித்தெடுத்து, எண்ணெய்த் தாரையின் முனைகள் அகப்பைகளை நோக்கியே நிற்கின்றனவா என்பதையும் சரிபார்த்த பின்னரே மூட வேண்டும்.