கழுத்திலுள்ள சிறு சுரப்பியும் மலைநாட்டு உப்பும்

தமிழாசிரியனுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் எவரேனும் வினவக்கூடும். நியாயமான வினாவே. மலர்க் குழுவினர் என்னிடம் எதிர்பார்த்தது ஈழத்துப் புலவர் ஒருவரைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும். எனினும், பயிற்றப்பட்ட ஆசிரியனாக நான் முதன்முதல் நியமனம் பெற்ற தோட்டப் பாடசாலையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி என்னை இப்பொருளின்பால் ஈர்த்தது. அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

அட்டனுக்கு அப்பால் உள்ள அப்பாடசாலையில் எட்டாம் வகுப்பில் மாணவி ஒருத்தி இருந்தாள். ஐந்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவள். எட்டாம் வகுப்பிலோ பாடம் நடக்கும்பொழுதே கண்ணயர்வாள். ஒரு கேள்விக்கு அவளிடமிருந்து விடை வருவதற்குள் வேறு இருவரிடம் கேட்டுவிடலாம். குரல் கரகரத்திருந்தது. முகம் சற்றே ஊதியிருந்தது. நல்ல ஊட்டம் என்று எண்ணிக்கொண்டேன். எப்பொழுதும் குளிர்கிறது என்பாள். மலைநாட்டிற் குளிர்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் யார் பொருட்படுத்துவர்? சோம்பேறி என்று வகுப்பறிய வைதிருக்கிறேன். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியும் இருக்கிறேன். ஓராண்டு கழிந்தபின், வேறொரு காரணத்துக்காக அவளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற இடத்தில், மருத்துவர் ஒருவர் ஐயுற்று இரத்தத்தைச் சோதிக்கச் செய்தார். தைரொயிட்டுச் சுரப்பி மிகவும் குன்றியிருந்தமை அப்பொழுதுதான் தெரியவந்தது. அன்று மாலை அவளுடைய தகப்பனார் லயத்து வாசலில் நின்று இதனை என்னிடம் கூறியபோது, அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ளது இச்சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம். இது சுரக்கும் தைரொக்சின் என்னும் ஓமோன் இரத்தத்திற் கலந்து, உடம்பின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு விரைவாகத் தன் எரிபொருளை எரிக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை உலர்த்தும் அடுப்பின் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் நிற்பவரை ஒத்தது அதன் பணி. அடுப்புத் தணிந்தால் எல்லாம் மந்தமாகும்: நாடி தளரும், தோல் வறளும், மலம் இறுகும், எண்ணம் மெல்ல நகரும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இக்குறை நேரின் மூளையின் வளர்ச்சியே தடைப்படும். பின்னர்க் கொடுக்கும் மருந்து அதனை முழுதும் மீட்பதில்லை.

தைரொக்சினின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் அயடீன் அணுக்கள் நான்கு உள்ளன. ஆதலின் அயடீன் இன்றேல் தைரொக்சினும் இல்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்கிரோகிராம் மாத்திரமே. எழுபது ஆண்டு வாழ்பவரின் வாழ்நாள் தேவை முழுவதையும் திரட்டினாலும் 4 கிராம் வராது. ஒரு தேக்கரண்டியும் நிரம்பாது. அந்தச் சிறிதளவும் கிடையாதபோது, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தைரொயிட்டை மேன்மேலும் தூண்டுகின்றது. தூண்டப்பட்ட சுரப்பி பருக்கின்றது. அதுவே கழலை. நம்மவர் சிலர் இதனைக் கண்டமாலை என்பர். அது தவறு. கண்டமாலை என்பது பெரும்பாலும் காசநோயினாற் கழுத்திற் காணும் கட்டிகளைக் குறிப்பது. தமிழாசிரியனாதலின் இவ்வொரு திருத்தத்தைச் செய்யாது செல்ல மனம் வரவில்லை.

அயடீனைக் கடற்பாசியின் சாம்பலிலிருந்து கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர் 1811இற் கண்டார். தைரொயிட்டினுள் அது இருப்பதைப் பௌமன் 1895இல் மெய்ப்பித்தார். 1914இற் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. கழலையை ஆராய்ந்தவருள் எனக்கு வியப்பளிப்பவர் இராபர்ட் மக்கரிசன். இமயத்தின் வடபால் கில்கிட் பள்ளத்தாக்கிற் கழலை மிகுந்த ஊர்களின் அழுக்கு நீரே காரணமோ என ஐயுற்று, அந்நீரின் வண்டலைத் தாமே அருந்திப் பார்த்தார். பின்னர் அவர் ஆய்வுகூடம் நடத்தியது நீலகிரியிலுள்ள குன்னூரில்; அதுவும் நம்முடையதைப் போன்ற தேயிலை மலையே.

ஆயினும் ஐயந்திரிபறக் காட்டியது காங்ரா ஆய்வு. இமாசலப் பிரதேசத்தின் காங்ராப் பள்ளத்தாக்கில் 1956இல் இராமலிங்கசுவாமி என்னும் நோயியலறிஞரும் அவர்தம் குழுவினரும் ஊர்களை மூன்று வலயங்களாகப் பகுத்தனர். இரண்டு வலயங்களுக்கு அயடீன் சேர்த்த உப்பு. நடுவிலுள்ள வலயத்துக்கு வெறும் உப்பு. 1962இல் மீண்டும் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தபோது, அயடீன் உப்பு உண்ட இரு வலயங்களிலும் கழலை பெரிதுங் குறைந்திருந்தது; நடு வலயத்திற் குறையவில்லை. அதன்பின் அவ்வலயத்துக்கும் அயடீன் உப்பு வழங்கப்பட்டு, அங்கும் நோய் இறங்கிற்று. ஆறாண்டு வெறும் உப்பை உண்ட அப்பிள்ளைகளை நினைக்கையில் என் மனம் சற்றே இடறுகின்றது. ஆனால் அவர்களின்றி அச்சான்றும் இல்லை.

இலங்கைக்கு வருவோம். 1967இல் மகாதேவா, சண்முகநாதன் ஆகிய இருவரும் இலங்கையின் கழலைப் பிரச்சினை பற்றிய தம் ஆய்வைப் பிரித்தானிய போசணைச் சஞ்சிகையில் வெளியிட்டனர். இங்கு நோயின் எல்லை மழையின் எல்லையோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. உலகின் பிற பகுதிகளிற் கழலையை மலைநோய் என்பர். நம் நாட்டிலோ அது ஈரவலயத்து நோய். 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களிற் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. மாத்தளையில் இது 6.5, கடலையடுத்த களுத்துறையில் 30.2. கடல்தான் அயடீனின் களஞ்சியம். அதன் கரையிலேயே அயடீனின்மை! ஓயாத மழை மண்ணிலுள்ளதைக் கரைத்துச் செல்வதோடு, ஈரவலயத்துச் செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் எஞ்சியதைப் பற்றிக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை என்பர் புவியிரசாயன ஆய்வாளர்.

1995 முதல் மனிதர் உண்ணும் உப்பனைத்திலும் அயடீன் சேர்க்க வேண்டுமெனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2000இல் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்ட ஆய்விற் பிள்ளைகளின் சிறுநீரில் அயடீன் போதியதாக இருந்தது. கழலையோ நூற்றுக்கு 20.9 ஆகவே நின்றது. நெடுநாட் பருத்த சுரப்பி ஒரு நாளிற் சுருங்காது. 2010இல் அது 4.4 ஆயிற்று. இதற்கிடையில் வேறொரு வினாவும் எழுந்தது. 2000இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கைப் பள்ளிச் சிறுமியர் பலரின் இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டு, அயடீனே காரணமோ என்று கேட்டது. உடம்பின் காவற்படை தன் சுரப்பியையே தாக்கும் இந்நோயை யப்பானியரான ஹஷிமோட்டோ 1912இல் விவரித்திருந்தார். என் மாணவிக்கு வந்ததும் இதுவே. அவளுக்குக் கழலை கண்ணுக்குத் தெரியவில்லை. உப்பினாற் குணமாகும் நோயுமன்று. ஆதலின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எவரும் முடிவுகட்டலாகாது. கபச்சுரப்பி அனுப்பும் தூண்டு ஓமோனை இரத்தத்தில் அளந்தால் உண்மை புலப்படும். தைரொயிட்டு தளருந்தோறும் அவ்வோமோன் ஏறும். இத்தகைய நுண்ணளவைகளுக்கு வழிதிறந்தவர்கள் கதிரியக்க முறையை 1950களின் இறுதியில் வகுத்த பெர்சனும் யாலோவும். யாலோ அம்மையார் 1977இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் லயங்களிற் கல்லுப்பைச் சிரட்டையில் இட்டு அடுப்பங்கரையில் திறந்தபடி வைக்கும் பழக்கம் இன்னும் உண்டு. அழுக்கென்று கருதி உப்பை நீரில் அலசுவாரும் உளர். அலசும் நீரோடு அயடீனும் போய்விடும்; ஈரமும் சூடும் மிச்சத்தைக் குறைக்கும். மூடியுள்ள போத்தலில் அடுப்புக்கு எட்ட வைத்தல் நன்று. கறியை இறக்கும் தறுவாயில் உப்பிடுதல் அதனினும் நன்று.

அம்மாணவி இப்பொழுது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலைவேளையிற் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தைரொக்சின் மாத்திரையை வெறுவயிற்றில் தண்ணீரோடு விழுங்கவேண்டும்; உடனே தேநீர் பருகினால் அது முறையாக உடம்பிற் சேராது. தேயிலை மலையில் விடியற்காலைத் தேநீரை அரைமணி நேரம் ஒத்திவைப்பதே மகளுக்கு மிகக் கடினமாக இருந்ததென்று அவளுடைய தாயார் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.